இரண்டுக்கும் ஏன் ஒரே பெயர்?

சென்னை தரமணியில் இயங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவன அலுவலர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளியில் 28 ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஊர், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். உப்புத் தண்ணீரில் துவைத்துக் குளிக்கிறவர்கள் நாங்கள்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு சோப்புகளைக் கொண்டு வந்து, "டீச்சர், இரண்டும் குளிக்கிற சோப்புதானே? இதைப் போட்டால் மட்டும் பிள்ளைக்குத் தோல் வறண்டு போகிறதே?" என்று கேட்டாள். தோலைப் பற்றிச் சொல்ல நான் மருத்துவர் இல்லை. சோப்பைச் சோதிக்கத் தெரியும். இரண்டையும் ஒரே எடைக்குச் சீவிச் சுடுநீரில் கரைத்து, நீர்த்த கந்தக அமிலம் விட்டேன். இரண்டுமே பால் திரிந்ததுபோல் ஆயின. சோதனைக் குழாய்களைக் கொதிநீரில் நிறுத்தியதும் கொழுப்பு அமிலம் உருகி எண்ணெயாக மேலே மிதந்தது. ஒரு குழாயில் அது கட்டை விரல் அகலம். மற்றதில் பாதிகூட இல்லை. அதன் அடியில் மாவுபோல வெள்ளைத் தூள் படிந்து கிடந்தது. அவள் அந்தத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கு இது புதிதல்ல. வரையறை வகுத்தவர்களே நீங்கள்தான். இந்தியத் தர வரையறையான ஐ.எஸ். 2888-இன்படி, 'டாய்லெட் சோப்பு' என்கிற குளிக்கும் சோப்பின் முதல் தரத்தில் மொத்தக் கொழுப்புப் பொருள் 76 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டாம் தரத்தில் 70, மூன்றாம் தரத்தில் 60. குளிக்கவே விற்கும் இன்னொரு வகையான 'பாத்திங் பாருக்கு' ஐ.எஸ். 13498 கேட்பது 40 மட்டுமே. பாத்திங் பாரை நான் இழிவாகச் சொல்லவில்லை. அதில் செயற்கை நுரைப்பொருள் சேர்த்திருந்தால் எங்கள் உப்புத் தண்ணீரிலும் திரியாமல் நுரைக்கும். ஆனால் இரண்டும் வேறு வேறு பொருள்கள். ஆங்கிலத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. தமிழிலோ இரண்டுமே 'குளியல் சோப்பு'. கொழுப்பு குறைந்த அந்தச் சோப்பின் உறையைப் பக்கத்து வீட்டுப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்; அதில் 'பாத்திங் பார்' என்ற சொல், மடிப்புக்குள், எள்ளளவு ஆங்கில எழுத்தில் இருந்தது. தமிழ் மட்டும் படித்தவள் அதை எப்படிக் கண்டுபிடிப்பாள்?

துணி சோப்பிலும் இதே கதைதான். கொழுப்பில் காய்ச்சிய பழைய சவர்க்காரமும் டிடர்ஜென்ட் கட்டியும் கடையில் ஒரே பெயரில் விலை போகின்றன. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சவர்க்காரத்தைத் திரிய வைத்துவிடும். அந்தப் பிசுக்கு வெள்ளைச் சட்டையில் சாம்பல் நிறமாக ஏறும். பெண்கள் "அழுக்குப் போகவில்லை" என்று இன்னும் இரண்டு இழுப்பு இழுத்துத் தேய்க்கிறார்கள். அது அழுக்கே இல்லை, சோப்புதான். டிடர்ஜென்ட் கட்டிக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் எங்கள் தெருவில் துணி வெளுக்கும் அம்மாவின் விரல் இடுக்குகள் அதன் காரத்தில் வெடித்துக் கிடக்கின்றன. எது எதற்கு என்று எழுதியிருந்தால் அவராவது பார்த்து வாங்குவார்.

இவற்றுக்குத் தனித்தனித் தமிழ்ப் பெயர்களை நீங்கள் முடிவு செய்யுங்கள். அந்தப் பெயரும், சோப்பானால் அதன் தரமும் கொழுப்பு விகிதமும் உறையின் முகப்பிலேயே, விலையைப் போடும் அளவு எழுத்தில் வர வழி செய்யுங்கள். உங்களால் தனியாக முடியாதென்றால் உரிய துறைகளுக்குப் பரிந்துரை அனுப்புங்கள்.

இன்னொன்று. மாதிரிகளை எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைகளிலிருந்தும் எடுத்துச் சோதியுங்கள். முடிவுகளைத் தமிழில் வெளியிடுங்கள். சிறு சோப்புகள் அதிகம் விற்பது அங்கேதான். எந்தக் கடைகள் என்று நானே கூட வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை