நாலு இல்ல, ரெண்டு

காரைக்குடி

பங்காளி,

நீ லிஸ்ட் அனுப்பி எவ்வளவு நாளாச்சு! பதில் போடலன்னு திட்டிட்டிருப்பே, திட்டிக்கோ. இங்க எல்லாரும் சுகம். கொப்புடையம்மன் தேருக்கு வர்றியான்னு அப்பத்தா கேக்கச் சொன்னாங்க.

விஷயத்துக்கு வர்றேன். பில்லிங் விஎம்முக்கு (உன் சர்வர் பெட்டிக்குள்ள தனிக் கம்ப்யூட்டர் மாதிரி ஓடுதே, அது) 0, 1, 8, 9-ங்கிற நாலு சிபியு எண்ணைக் கட்டி வச்சிட்டு, "நாலு கோர் குடுத்தும் இழுக்குது"ங்கிறே. நீ குடுத்தது ரெண்டு கோர்தான்யா! கோர்ங்கிறது நிஜமா வேலை செய்ற மூளை; ஒவ்வொண்ணும் ரெண்டு த்ரெட்டா, ரெண்டு எண்ணோட தெரியும். நீ அனுப்புன எல்எஸ்சிபியு (சிபியுக்களைப் பட்டியல் போடுற லினக்ஸ் கமாண்ட்) லிஸ்ட்லயே 'கோர்' பத்தியைப் பாரு: 0-க்கும் 8-க்கும் ஒரே எண், 1-க்கும் 9-க்கும் ஒரே எண். 8 கோர் 16 த்ரெட் பெட்டியில பெரும்பாலும் இப்படித்தான், முதல் த்ரெட் எல்லாம் 0–7, ரெண்டாவது த்ரெட் எல்லாம் 8–15. சில பெட்டியில 0, 1-ஏ ஜோடியா வரும். அதனால பார்க்காம கட்டாதே. கணக்குல சென்டம் வாங்குன ஆளு, எண்றதுல கோட்டை விட்டுட்டே.

ஜோடி த்ரெட்டுங்கிறது ஒரே அம்மிக்கு ரெண்டு புள்ளி (குடும்பம்) பங்கு மாதிரி. ஒருத்தி தேங்கா எடுக்கப் போனாத்தான் இன்னொருத்தி முழு வேகத்துல அரைக்கலாம். கணக்குப் போடுற யூனிட், எல்1, எல்2 கேஷ் (கோருக்குள்ளயே இருக்க சின்ன மெமரி) எல்லாமே பொது. விஎம்முக்குள்ள டாப் கமாண்ட்ல எஸ்டி (ஸ்டீல், அதாவது விஎம் சிபியுவுக்காகக் காத்திருந்த நேரம்) பூஜ்யம்னு சொல்றியே, அது பூஜ்யமாத்தான் இருக்கும். விசிபியு (விஎம்முக்குள்ள தெரியுற சிபியு) க்யூவில காத்துக் கெடந்தாத்தான் எஸ்டி ஏறும். பக்கத்து த்ரெட் கோரைத் தின்னா அதுல தெரியாது.

இப்படி மாத்து. விஎம்களை மேய்க்கிற விர்ஷ் கமாண்ட்ல விசிபியுபின் போட்டு 0, 1, 2, 3 விசிபியுவை வரிசையா 2, 3, 4, 5-ல கட்டு. அதுங்க ஜோடியான 10–13-ஐ யாருக்கும் தராதே. ஹோஸ்ட்டுக்கும் (பெட்டியோட சொந்த லினக்ஸ்) எமுலேட்டர்பின்னுக்கும் (விஎம்மை ஓட்டுற புரோகிராமோட மத்த வேலைங்க) 0, 1, 8, 9. கட்டும்போது 'கான்ஃபிக்'கும் சேர்த்துக் குடு, இல்லன்னா விஎம்மை அணைச்சுப் போட்டதும் பழையபடி ஆயிரும். முக்கியமானது, மத்த விஎம்களையும் 6, 14-க்குள்ள அடைக்கணும். இப்படிக் கட்டுறதால உன் விசிபியு வெளிய போகாது, அவ்வளவுதான். அடுத்தவன் உள்ள வர்றதை அது தடுக்காது.

ஐசோல்சிபியு (சில சிபியுவைத் தனியா ஒதுக்கி வைக்கிற லினக்ஸ் பூட் செட்டிங்) போடலாமான்னு கேட்டே. வேண்டாம். அதுல ஒதுக்குன சிபியுவுக்கு லினக்ஸ் லோடு பிரிச்சுக் குடுக்காது. "2–5-ல எங்கயாவது ஓடு"ன்னு விட்டா நாலு விசிபியுவும் ஒண்ணுலயே குமிஞ்சிரும்.

இன்னொண்ணு, இதை விளையாட்டா எடுத்துக்காதே. வெளியாளுக்கு ஒரு விஎம் வாடகைக்கு விடப்போறதா எழுதியிருக்கே. 2018-ல வெளிவந்த எல்1டிஎஃப்ங்கிற பாதுகாப்பு ஓட்டை பல இன்டெல் பெட்டிகள்ல இதே பொது எல்1 வழியாத்தான்: ஒரு த்ரெட்ல இருக்கவன் ஜோடி த்ரெட்டோட டேட்டாவைப் படிச்சிரலாம். அந்தாளுக்கு 7, 15-னு முழு கோரையே குடு, பாதி கோர் குடுக்காதே. பில்லிங்ல ஊர்க்காரங்க வரவு செலவு முழுக்க இருக்கு.

மாத்துனதும் விர்ஷ் விசிபியுஇன்ஃபோ போட்டு, வர்றதை அப்படியே அனுப்பு. தேருக்கு என்னன்னும் ஒரு வரி எழுது, அப்பத்தா என்னையத்தான் நச்சரிக்கிறாங்க.