சின்சேயின் மூன்று விரல்கள்

தோ பாயோ, சிங்கப்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முழங்காலுக்கு மருமகள் நொச்சி ஒத்தடம் கொடுப்பதாக எழுதியிருந்தாய், கொடுத்துவைத்தவள். நான் பதில் போடாததற்குக் காரணம் என் அசட்டுத்தனம்.

எதிர்வீட்டுச் சீனப் பாட்டி குவாங்சோ போய்வந்து ஒரு புட்டி கொடுத்தாள். மிளகு அளவில் கறுப்பு உருண்டைகள். சர்க்கரைக்கு நல்லது என்றாள். மூலிகைதானே என்று வேளைக்குப் பத்து விழுங்கினேன், என் வழக்கமான மாத்திரையையும் விடாமல். மூன்றாம் நாள் விடியற்காலை உடம்பு தெப்பமாக நனைந்து கை நடுங்கியது. விளக்கு சுவிட்ச் எந்தப் பக்கம் என்றே புலப்படவில்லை. மகன் விரலில் குத்திப் பார்த்தான்: சர்க்கரை 2.9க்கு இறங்கியிருந்தது. உங்கள் ஊர்க் கணக்கில் 52. இருபது வருஷமாக ஒளித்துவைத்த சர்க்கரையை அவனே கரைத்துப் புகட்டினான்!

பாட்டியின் பேரன் லேபிளைப் படித்த பிறகுதான் விளங்கியது. வேர்களோடு கிளிபென்கிளமைடு என்ற, சர்க்கரையை இறக்கும் ஆங்கில மருந்தையும் சேர்த்திருக்கிறார்கள்; பத்து உருண்டையில் 2.5 மில்லிகிராம். என் மாத்திரையும் அதே இனம். சீனாவில் இது அனுமதியுள்ள கலவைதான், புட்டியிலும் அச்சடித்திருக்கிறது. எனக்குத்தான் சீனம் தெரியாது. சிறுநீரகம் மந்தமான நம் வயதில் அந்த மருந்து லேசில் உடம்பைவிட்டு இறங்காதாம். இதையே வீரிய மாத்திரைகளில் திருட்டுத்தனமாகக் கலந்து விற்றதில் 2008இல் இங்கே நான்கு பேர் இறந்தார்கள்.

குற்ற உணர்ச்சி தாங்காமல் பாட்டி என்னைத் தன் சின்சேயிடம் அழைத்துப்போனாள். அரசிடம் பதிவு பெற்ற சீன மருத்துவர். நம் நாடி வைத்தியரைப் போலவே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தார், இரண்டு கையிலும். நாக்கு சிவந்து வறண்டு வெடித்திருக்கிறதாம். அவர்கள் இந்த நோயைச் ‘சியாவ்கே’ என்கிறார்கள்; தாகமும் உடல் கரைதலும் என்று பொருள். தாகம் நுரையீரல், ஓயாப் பசி இரைப்பை, மூத்திரப் போக்கு சிறுநீரகம் என மூன்று வகை. நான் மூன்றாவது, ‘யின்’ வற்றிவிட்டதாம், அதாவது உடம்பின் குளிர்ச்சியும் ஈரமும். ஏழாம் நூற்றாண்டிலேயே சுன் சுமியாவ் என்ற வைத்தியர் மது, கலவி, உப்பும் மாவுமான பண்டம் மூன்றும் ஆகாது என்று எழுதிவைத்தாராம். பேரன் இரண்டாவதை மொழிபெயர்க்காமல் விழுங்கினான். பாட்டி சிரித்த சிரிப்பில் புரிந்துகொண்டேன்.

யின் வற்றிய கதையில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். ஆனால் இரவில் எத்தனை தடவை எழுகிறாய், பாதம் எரிகிறதா, மரத்திருக்கிறதா என்று அரைமணி நேரம் கேட்ட மனிதரை அலட்சியம் செய்ய மனம் வரவில்லை. என் மாத்திரைப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கஷாயம் எதுவும் எழுதவில்லை. மருந்தகத்து மாத்திரையை நிறுத்தாதே என்றார். மரத்த காலில் அக்குபங்சர் ஊசி குத்தவும் மறுத்துவிட்டார். முழங்கால் சில்லுக்கு நான்கு விரற்கடை கீழே, வெளிப்பக்கமாக ஒரு புள்ளியைத் தினமும் அழுத்தச் சொல்லியிருக்கிறார். கூடவே பாதுவான்ஜின் என்ற சீன உடற்பயிற்சி, எட்டே அசைவு.

உன் தம்பி தின்னும் சூரணப் பொட்டலத்தில் பெயர்கூட இல்லை என்றாயே, அதை அவனுடைய டாக்டரிடம் காட்டச் சொல். பாட்டி கதவைத் தட்டுகிறாள். கீழ்த்தளத்தில் பயிற்சி ஆரம்பித்திருப்பார்கள்.

உன்,
சரஸ்வதி