இரண்டு கைகளிலும் பாருங்கள்

தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

என் தங்கைக்கு அப்போது வயது 24. துணி பிழிந்து கொடியில் போடும்போது இடது கை கடுத்துப்போய்ப் பாதியிலேயே இறக்கிவிட வேண்டியிருக்கிறது என்றாள். மருத்துவமனையில் அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றி இரண்டு முறை காற்றேற்றிப் பார்த்த செவிலியர், "மெஷின் சரியில்லைம்மா" என்று வலது கைக்கு மாற்றினார். அங்கே கிடைத்த அளவைச் சீட்டில் எழுதி, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கருவி நன்றாகத்தான் இருந்தது. இடது கைக்குப் போகும் தமனி ஏறக்குறைய அடைபட்டிருந்தது என்று தெரிய மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

அவளுக்கு இருப்பது டகயாசு தமனி அழற்சி. 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ டகயாசு, ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலைபோல் வளைந்திருந்ததை விவரித்தபோது, இத்தகைய நோயாளிகளின் மணிக்கட்டில் நாடி கிடைப்பதில்லை என்று அதே கூட்டத்தில் வேறு இருவரும் சொன்னார்கள். நாடியற்ற நோய் என்ற பெயரும் இதற்கு உண்டு. உடலின் எதிர்ப்பாற்றலே பெருந்தமனியையும் அதன் பெரிய கிளைகளையும் தாக்க, அவற்றின் சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. பெரும்பாலும் 40 வயதுக்குள் தொடங்கும் இந்நோய் பெண்களுக்கே மிகுதியாக வருகிறது. தொடக்கத்தில் காய்ச்சல், அசதி, எடைக் குறைவு என்று எதையும் காட்டிக்கொடுக்காத அறிகுறிகளே இருக்கும்.

நம் நாட்டு நோயாளிகள் பலருக்குச் சிறுநீரகத் தமனி குறுகி ரத்த அழுத்தம் ஏறுகிறது. அடைபட்ட கையில் அளந்தால் அந்த அழுத்தம் குறைவாகவே தெரியும் என்பதுதான் என்னை மிகவும் அச்சுறுத்துகிறது.

மருந்து இருக்கிறது. ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்ஸேட் போன்றவையும் அழற்சியை அடக்குகின்றன. நோயின் தீவிரத்தை மதிப்பிட ஐடாஸ் 2010 என்ற முறையை உருவாக்கியவர்களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் உண்டு. அவர்களிடம் நோயாளியை உரிய காலத்தில் அனுப்பிவைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே, கர்ப்பிணிகளின் முதல் பரிசோதனையிலும், 40 வயதுக்குட்பட்ட பெண்கள் கைவலி, தலைசுற்றல், உயர் ரத்த அழுத்தம் என்று வரும்போதும், ஒருமுறையாவது இரண்டு கைகளிலும் அழுத்தம் பார்த்து இரண்டையும் சீட்டில் எழுதுங்கள். மேல் அளவு 10 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் மறுபடியும் அளந்து பாருங்கள். வேறுபாடு நீடித்தால் வாதநோய்ச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். ஒரு கையில் அளவே வராவிட்டால், கருவியை ஒதுக்கி வைக்குமுன் அந்த மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அக்கா