பாசிக்குடாவுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களையும் நினையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்கில் சுற்றுலாவை வளர்க்கவேண்டும், பாசிக்குடாவில் இன்னும் ஹோட்டல்கள் வரவேண்டும் என்று பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கிறோம். வரட்டும், நல்லதுதான். ஆனால் அங்கே யார் வந்து தங்கப்போகிறார்கள் என்று திட்டம் போடுகிறவர்கள் யோசிக்கும்போது வெளிநாட்டுக்காரரையும் புதுமணச் சோடிகளையும் மட்டும் நினைக்காமல், இரண்டு மூன்று பிள்ளைகளோடும் முழங்கால் நோகிற அம்மா அப்பாவோடும் வருகிற எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களையும் நினைக்கவேண்டும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கனடாவில் இருக்கிற அண்ணா போன ஆகஸ்ட் விடுமுறையில் எங்களைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு டிஸ்னி வேர்ல்ட் காட்டவேண்டும் என்று அமெரிக்காவின் ஒர்லாண்டோவுக்குக் கூட்டிப்போனார். தங்கியது அவர்களுடைய கரீபியன் பீச் ரிசோர்ட் என்ற ஹோட்டலில். 1988இல் திறந்தது, டிஸ்னி அங்கே நடுத்தர விலையில் கட்டிய முதல் ஹோட்டல் அதுதானாம். நடுத்தரம் என்பது அவர்களுடைய கணக்கு, எங்கள் கணக்கில் அது பெரிய காசு, அண்ணா கட்டியதால் போனோம். ஒரு ஏரியைச் சுற்றி ஜமெய்க்கா, அருபா, மார்ட்டினிக், டிரினிடாட் என்று கரீபியன் தீவுகளின் பெயரில் பகுதி பகுதியாகப் பிரித்து, இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு மஞ்சள், நீலம் என்று கண்ணைப் பறிக்கிற நிறங்கள் அடித்து வைத்திருக்கிறார்கள். ஏரிக்கரையில் வெள்ளை மணல், மணலில் சாய்வுக் கதிரைகள், எங்கே பார்த்தாலும் பனைச் சாதி மரங்கள்.

அம்மா வந்திறங்கிய அன்றே தென்னையைத் தேடினார். எங்கள் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. ஒர்லாண்டோ கடலை விட்டு உள்ளே இருக்கிற ஊர், கடலுக்குப் போக காரில் ஒரு மணித்தியாலமாவது ஆகும், குளிர்காலத்தில் சில வருடங்களில் உறைபனியும் விழும், அதனால் தென்னை அங்கே நிலைக்காது என்று அண்ணா சொன்னார். ஏரியும் மனிதர் வெட்டியது, மணலும் கொண்டுவந்து கொட்டியது. அந்த ஏரியில் இறங்கிக் குளிக்கவும் முடியாது. கரை நெடுகப் பலகை வைத்திருக்கிறார்கள்: முதலை உண்டு, பாம்பு உண்டு, தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள் என்று படத்தோடு. கடலும் தென்னையும் இல்லாத இடத்தில் ஒரு தீவுக் கடற்கரையை உண்டாக்கி, உலகம் முழுவதிலும் இருந்து குடும்பங்களை வரவைக்கிறார்கள். பாசிக்குடாவில் கடல் இருக்கிறது, இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடந்து போகலாம், வடகீழ்ப் பருவக்காற்று வீசுகிற மாதங்களை விட்டால் அலையும் பெரிதாக இல்லை. சின்னப் பிள்ளைகளைக் குளிக்கவிட இலங்கையில் அதைப்போல இன்னொரு கடல் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம்.

அப்படியிருக்க, அந்த ஹோட்டலில் நாங்கள் இருந்த நிம்மதியோடு எங்கள் ஊர்க் கடற்கரையில் இருக்க முடிவதில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன்.

முதலில் அறை. நான், அவர், இரண்டு பிள்ளைகள், அம்மா, ஐந்து பேரும் ஒரே அறையில் இருந்தோம். இரண்டு பெரிய கட்டில்கள், அதோடு சுவருக்குள் மடிந்து நிற்கிற ஒரு சின்னக் கட்டில், இழுத்து விரித்தால் ஒரு பிள்ளை படுக்கலாம். சின்னவன் அதை விட்டு இறங்கவே இல்லை. ஒரு குளிர்சாதனப் பெட்டி, முகம் கழுவுகிற இடம் குளியலறைக்கு வெளியே தனியாக, அதனால் ஒருவர் குளிக்கும்போது மற்றவர் பல் தீட்டலாம். உடுப்புத் தோய்க்கக் காசு கட்டி இயக்குகிற மெஷின் பக்கத்திலேயே இருந்தது, பிள்ளைகளோடு பயணம் போகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கட்டடங்களுக்கு லிப்ட் கிடையாது, ஆனால் அண்ணா முன்கூட்டியே கேட்டதால் கீழ்த்தளத்தில் அறை தந்தார்கள்.

இங்கே எங்கள் பக்கத்து ஹோட்டல் ஒன்றில், பெயர் வேண்டாம், இதே ஐந்து பேருக்கு அறை கேட்டபோது ஓர் அறைக்கு இரண்டு பேர், பிள்ளை ஒன்றானால் சமாளிக்கலாம், உங்களுக்கு இரண்டு அறை எடுக்கவேண்டும் என்றார்கள். சரி, அடுத்தடுத்த அறையாவது தாருங்கள் என்று கேட்டோம், அதுவும் இல்லை. அம்மாவை வேறு ஒரு மாடியில் தனியாகப் படுக்கவைத்துவிட்டு எப்படி நித்திரை கொள்வது? திரும்பி வந்துவிட்டோம். அங்கே வேலை செய்த பிள்ளைகள் மரியாதையாகத்தான் பேசினார்கள், அவர்களில் பிழை இல்லை. கட்டும்போதே இரண்டு பேருக்கென்று கட்டிய அறைக்குள் அவர்கள் என்ன செய்ய முடியும்?

அடுத்தது தண்ணீர். இதைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

ஏரியில் குளிக்க முடியாததால் அங்கே எல்லோரும் நீச்சல் குளத்தில்தான். பெரிய குளத்தைப் பழைய ஸ்பானியக் கோட்டை மாதிரிக் கட்டி, சறுக்குப் பாதைகளும் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் படி இல்லாமல் தரை சரிந்து சரிந்து தண்ணீருக்குள் போகிறது, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் அளவுவரை நடந்து போய் நின்றார். சின்னப் பிள்ளைகளுக்கென்று உடைந்த கப்பல் வடிவில் வேறொரு விளையாட்டு இடம், மேலே இருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டும். பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் இலவசம், சிறிது பெரிது என்று அளவு வாரியாக அடுக்கி வைத்திருந்தார்கள். சின்னவனுக்கு நான் போட்டுவிட்டதைப் பார்த்த உயிர்காப்புப் பெண் பிள்ளை, இறங்கி வந்து தோள்பட்டையில் இரண்டு விரலை விட்டு மேலே இழுத்துப் பார்த்தாள். ஜாக்கெட் அவன் காதுவரை வந்தது. தலையை ஆட்டிவிட்டு ஒரு அளவு சின்னதை எடுத்து வந்து, வாரை இறுக்கி, மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் விட்டாள்.

ஃபுளோரிடாவில் ஆகஸ்டில் பின்னேரமானால் இடி மின்னல்தான். தூரத்தில் ஒரு இடி கேட்டது, மழை ஒரு சொட்டும் இல்லை. உடனே விசில் ஊதினார்கள். கொஞ்ச நேரத்தில் குளத்தில் ஒரு குஞ்சும் இல்லை, ஒருவரும் வாக்குவாதப்படவும் இல்லை. மேலே ஓடுகிற கேபிள் காரையும் நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கேபிள் கார் 2019இல் வந்தது. ஹோட்டல் வாசலில் ஏறினால் எப்கொட், ஹொலிவூட் ஸ்டூடியோஸ் என்ற இரண்டு பார்க்குகளுக்கும் போகலாம், டிக்கட் இல்லை, மற்றப் பார்க்குகளுக்கு பஸ், அதற்கும் காசு இல்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் ஏறுவதற்கென்று பெட்டியைத் தனிப்பாதையில் எடுத்து அசையாமல் நிறுத்தி வைக்கிறார்கள். அம்மாவும் அதில்தான் ஏறினார். அங்கே சாப்பாடு வலு விலை, பார்க்கில் வரிசையில் நின்று கால் கடுத்தது, இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் வயது போனவர், குழந்தை, கர்ப்பிணி யார் வந்தாலும் அவர் எப்படி ஏறுவார், எங்கே இருப்பார் என்று யாரோ முன்னரே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

அவர்களும் எல்லாவற்றையும் முன்னரே யோசிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2016 ஜூனில் டிஸ்னியின் இன்னொரு ஹோட்டலின் ஏரிக்கரையில் இரவு நேரம் நின்ற இரண்டு வயதுக் குழந்தையை முதலை இழுத்துப்போய், அந்தக் குழந்தை இறந்துவிட்டது. நான் சொன்ன பலகைகளும், கரையோரத்தில் அடுக்கிய கற்களும், தடுப்புகளும் அதற்குப் பிறகு வந்தவை. ஒரு குழந்தையைப் பறிகொடுத்த பிறகு செய்ததை நாங்கள் பறிகொடுக்க முன்னரே செய்யலாம் அல்லவா? எங்கள் வாவியிலும் குளங்களிலும் முதலை இருக்கிறது. பாசிக்குடா அமைதியான கடல் என்று நம்பி வருகிறவர்கள் பக்கத்தில் கல்குடாவிலும் அதே நம்பிக்கையோடு இறங்குகிறார்கள், அங்கே கடல் வேறு மாதிரி. வெளியூரில் இருந்து பஸ்ஸில் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இது எப்படித் தெரியும்?

பாசிக்குடாவில் போருக்கு முன்னரும் ஹோட்டல்கள் இருந்தன. பிறகு அவை இடிந்து கிடந்த காலத்தையும், 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரை இருந்த கோலத்தையும் எங்கள் தலைமுறை கண்ணால் கண்டது. 2009க்குப் பிறகு புதிய ஹோட்டல்கள் எழும்பியபோது நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம், இப்போதும் சந்தோஷம்தான், வேலை கிடைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் போயா நாளிலும் சித்திரை விடுமுறையிலும் பொதுக் கடற்கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். வானில் சோற்றுப் பானையோடும் பாயோடும் வந்திறங்குகிற சனம்தான் அந்தக் கரையை நிறைக்கிறது. நிழலுக்கு ஒரு மரத்தைப் பிடிக்க அடிபடுகிறார்கள். நான் போன நாட்களில் பெண்கள் ஈர உடுப்போடு நின்று, இரண்டு பேர் துணியைப் பிடிக்க ஒருவர் மாற்றுவதைத்தான் பார்த்தேன். ஏறாவூர், ஓட்டமாவடி, காத்தான்குடியில் இருந்து வருகிற சகோதரிகள் பலர் இதனாலேயே தண்ணீரில் இறங்காமல் கரையில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கடல் எங்களுடையது, அதில் குளிக்க எங்கள் பெண்களுக்கு வசதி இல்லை. இதை எழுதும்போது எனக்கு மனம் தாங்கவில்லை.

கேபிள் காரும் கோட்டையும் கப்பலும் நான் கேட்கவில்லை. பெண்களுக்கு உள்ளே கொண்டி போடக்கூடிய உடுப்பு மாற்றும் அறை, நல்ல தண்ணீர் வருகிற ஷவர், துப்புரவான மலசலகூடம், இவைதான் முதலில் வேண்டும். கட்டணம் வைத்தாலும் கட்டுவோம், சுத்தமாக இருந்தால் போதும். எங்கே குளிக்கலாம், எங்கே கூடாது என்று தமிழிலும் சிங்களத்திலும் படத்தோடு பலகையும், கடல் நிலவரத்துக்குக் கொடியும் வேண்டும். உயிர்காப்பாளர் வேலைக்குக் கல்குடா, நாசிவன்தீவுப் பக்கத்து மீன்பிடிக் குடும்பங்களின் பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுக்கலாம், அந்தக் கடலின் நீரோட்டம் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? பிள்ளைகளின் அளவில் லைஃப் ஜாக்கெட் வாடகைக்கு விட்டால் அதிலும் நாலு பேருக்குப் பிழைப்பு. விடுமுறை நாட்களில் வாழைச்சேனை பஸ் நிலையத்தில் இருந்தும் கல்குடா ரயில் நிலையத்தில் இருந்தும் கடற்கரைக்கு ஒரு பஸ் ஓடினால், வான் பிடிக்க வசதி இல்லாத குடும்பமும் வரும்.

இனி ஹோட்டல் கட்டப்போகிறவர்களுக்கு ஒன்று. ஐந்தாறு பேர் படுக்கக்கூடிய அறைகள் கொஞ்சத்தையாவது கீழ்த்தளத்தில் வையுங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி வராத மாதங்களிலும், ஏதாவது பிரச்சினை என்று விமானங்கள் வெறுமையாக வருகிற காலத்திலும், உங்கள் அறைகளை நிரப்பக்கூடியவர்கள் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் களுவாஞ்சிக்குடியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஐந்து நட்சத்திரம் தேவையில்லை, காலையில் இடியப்பமும் சொதியும், பிள்ளைகள் பயமில்லாமல் இறங்க ஒரு ஆழம் குறைந்த குளமும் இருந்தால் வருவார்கள்.

பலகைக்கும் கொடிக்கும் பெரிய செலவில்லை, அவற்றையும் உடுப்பு மாற்றும் அறையையும் அடுத்த சித்திரை விடுமுறைக்கு முன்னரே செய்து முடிக்கலாம். அந்தக் கடற்கரைக்குப் பொறுப்பானவர்கள் உங்கள் பத்திரிகையை வாசிப்பார்கள் என்ற நம்பிக்கையில் இதை அனுப்புகிறேன். தயவுசெய்து பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆரையம்பதி.