மூன்று வருஷத்துக்கு ஒரே இடத்தைக் கொடுங்கள்

கன்னியாகுமரி மாவட்ட வனத்துறை அதிகாரிகளுக்கு, வணக்கம்.

காட்டை மூடிப் படர்கிற அயல்நாட்டுப் புதரான உண்ணிச்செடியை (லாண்டனா) அகற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடிவாரத்துக்கு வருகிறவர்களில் நானும் ஒருவன். மாணவர்கள், கடையில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று நாகர்கோவிலில் பஸ் ஏறி வருகிற கூட்டம் எங்களுடையது. ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல். ஒவ்வொரு தடவையும் புது இடம் காட்டாதீர்கள். ஒரு ஏக்கர் போதும். அதையே மூன்று வருஷத்துக்கு எங்கள் பொறுப்பில் விடுங்கள்.

போன வருஷம் சித்திரையில் ஓர் ஓடைக்கரையை ஒரே நாளில் சுத்தம் செய்தோம். வெட்டுக்கத்தியால் தரையோடு அறுத்துக் குவித்து, போட்டோ எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பினோம். ஆனியாடி மழை முடிந்து அந்தப் பக்கம் போனபோது நெஞ்சு கனத்துவிட்டது. ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுத் துளிர்.

அப்புறம்தான் சரியான முறையைக் கற்றுக்கொண்டோம். கிளைகளை விலக்கி, குத்தவைத்து உட்கார்ந்து, மண்ணைக் கையால் வழித்தால் தண்டும் வேரும் சேருகிற இடத்தில் தடித்த முடிச்சு ஒன்று தட்டுப்படும். துளிரெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. நாலு விரல் ஆழத்தில், முடிச்சுக்குக் கீழே மம்பட்டியைப் போட்டு ஆணிவேரை வெட்ட வேண்டும். பிடுங்கியதை வேர் வானம் பார்க்கக் கவிழ்த்து வைக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பவும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

அப்படியும் வேலை முடியாது. கறுத்த பழத்தைத் தின்ற பறவைகள் மரத்தடியெல்லாம் விதையைப் போட்டுவிடும். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. இரண்டு மழைக்கும் முளைக்கும். விரல் நீள நாற்றாக இருக்கும்போது வந்தால், ஈர மண்ணில் நூலை உருவுவது போல உருவிவிடலாம், சின்னப் பிள்ளைகூடச் செய்யும். விட்டுவிட்டால் மறுபடியும் மம்பட்டிதான். வருஷத்துக்கு ஒரு முகாம் போட்டால் இந்த நாற்றை யார் பார்ப்பது?

புதர் போன இடத்தில் புல் வர வேண்டும், மிளாமானும் காட்டுமாடும் மேய வேண்டும். வெறும் தரையாக விட்டால் அடுத்த களைதான் வந்து உட்காரும். இப்படிப் பரவுகிற அயல் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022இல் கொண்டுவந்த கொள்கையின் பெயரிலேயே வாழிடங்களை மீட்பதும் சேர்ந்திருக்கிறது. அந்த மீட்புக்குத்தான் மூன்று வருஷம் கேட்கிறோம். ஒரேயடியாக எல்லாவற்றையும் மொட்டையடிக்கவும் வேண்டாம். புதருக்குள் கூடு இருக்கும். பகுதி பகுதியாக எடுப்போம்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. நாங்கள் இலவசமாக வருகிறோம் என்பதற்காகக் இங்குள்ள காணிப் பழங்குடி மக்களுக்குக் கிடைக்க வேண்டிய கூலி வேலை போய்விடக் கூடாது. பெரும்பரப்பை அவர்களுக்குக் கூலி கொடுத்துச் செய்யுங்கள். நீலகிரியில் பழங்குடியினர் உண்ணிச்செடித் தண்டிலேயே ஆளுயர யானைகள் செய்து வருமானம் பார்க்கிறார்கள். இங்கேயும் விருப்பமுள்ளவர்களுக்கு அந்தப் பயிற்சி கிடைக்கட்டும். நாற்றுப் பிடுங்குகிற, பொறுமை வேண்டிய வேலையை எங்களிடம் விடுங்கள்.

பஸ் செலவு, மம்பட்டி, கையுறை எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உடன் வர ஒரு வனக்காப்பாளர் இருந்தால் போதும். கார்த்திகை மழை விட்டதும் முதல் ஞாயிறே வரத் தயார். இடம் எது என்று கேட்டால், போன வருஷம் நாங்கள் அரைகுறையாக வெட்டிப்போட்ட அதே ஓடைக்கரையையே கொடுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமைத் தன்னார்வலர்களில் ஒருவன்