நான்காவது மனு: ராத்திரி லாரியை நிறுத்தவும், ஏரிக்கரையை ஊருக்குத் திறந்துவிடவும் கோரி

அனுப்புநர்:
ஏரி நிறைந்தால் தண்ணீர் வழியும் கோடிக்குக் கீழே கீரை போடும் 41 குடும்பத்தார்,
வர்த்தூர் தாண்டி, பெங்களூரு.

பெறுநர்:
ஏரிகளுக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்கள்,
பெங்களூரு.

பொருள்: வரத்துக் கால்வாயில் கழிவுநீர் லாரிகள் ஊற்றுவதைத் தடுக்கவும், ஏரிப் பராமரிப்பில் ஊராருக்கு இடம் தரவும் வேண்டுதல்.

பார்வை: இதே விஷயமாகக் கன்னடத்தில் நாங்கள் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன மழைக்கு முன்னால் தாங்கள் கரைமேல் வந்து நின்றபோது எங்கள் வீட்டுப் பெண்களோடு நல்ல தமிழில் பேசினீர்கள். கீரை விலைகூட விசாரித்தீர்கள். அந்தத் தைரியத்தில் இந்த மனுவை எங்கள் பாஷையிலேயே எழுதுகிறோம். கன்னட நகல் பின்னால் இருக்கிறது. மூன்று மனுவுக்கும் முத்திரை போட்ட ரசீது கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. தங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், தெரியும். ஆகவே சுருக்கமாகவே சொல்ல முயல்கிறோம்.

1. இடம் தங்களுக்குத் தெரியும். கங்கம்மா கோயில் திருப்பத்தில், ராஜகாலுவே என்கிற வரத்துக் கால்வாய் மேல் இருக்கும் சின்னப் பாலம். ராத்திரி பதினொன்றுக்கு மேல் லாரி பின்பக்கமாக வந்து நிற்கும். விளக்கை அணைத்துவிட்டுக் குழாயை இறக்குவார்கள். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு, சனிக்கிழமை என்றால் நான்கு. எந்த அடுக்குமாடியின் கழிவு என்று எங்களுக்குத் தெரியாது. லாரி நம்பரை மூன்றாவது மனுவிலேயே எழுதிக் கொடுத்தாயிற்று.

2. எங்களை அதிகமாக வாட்டுவது கீரை கழுவும் தண்ணீர். இதை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

கீரையை விடியற்காலை இரண்டு மணிக்கு அறுக்கிறோம். மண்ணோடு கே.ஆர். மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கழுவி, உதறி, வாழைநாரில் கட்டி, ஈரச் சாக்கு போர்த்தி, நாலு மணி வண்டியில் ஏற்ற வேண்டும். எங்கள் மாமியார் காலத்திலிருந்து அந்தக் கழுவல் கோடிக்குக் கீழே இருக்கும் திறந்த கிணற்றில்தான். ஏரியில் தண்ணீர் நின்றால் கிணற்றில் ஊறும். படி இறங்கி இடுப்பளவில் நின்று கழுவுவோம். குடிக்கவும் அதே கிணறுதான்.

இப்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் எடுத்து வைத்தால் காலையில் மேலே எண்ணெய்போல ஏடு கட்டுகிறது. முழங்கைவரை சிரங்கு வராத பெண் எங்கள் தெருவில் இல்லை. இதை எழுதுகிறவளுக்கு விரல் இடுக்கெல்லாம் வெடித்து, வெந்தயக்கீரை கட்டும்போது நார் உரசினால் கண்ணில் தண்ணீர் வருகிறது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். மார்க்கெட்டில் முப்பது வருஷமாக எங்களிடம் வாங்குகிறவர் இப்போது கட்டை எடுத்ததும் மூக்கருகே கொண்டுபோகிறார். ஒன்றும் சொல்வதில்லை. திரும்ப வைத்துவிட்டுப் பக்கத்துக் கூடைக்குப் போகிறார். ஐயா, திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தண்டுக்கீரை, கொத்தமல்லி, பாலக் எல்லாம் மத்தியானம்வரை வாடி, மாட்டுக்குப் போடும் விலைக்குப் போகிறது. மாடும் முகர்ந்து பார்த்துத்தான் வாய் வைக்கிறது.

டேங்கர் தண்ணீர் வாங்கிக் கழுவிப் பார்த்தோம். கீரை விற்ற காசு தண்ணீருக்கே சரியாகப் போயிற்று. ஊற்றுகிறவனும் டேங்கர்காரன், விற்கிறவனும் டேங்கர்காரன். நடுவில் நாங்கள்.

3. சட்டம் பற்றி. இரண்டாவது மனு கொடுத்த பிறகு அலுவலகத்தில் ஒருவர் வாய்ப்பேச்சாக ஒரு விளக்கம் சொன்னார். 2017 ஈரநில விதிகளில் பாசனத்துக்காக மனிதர் கட்டிய நீர்நிலை வராதாம், ஆகவே எங்கள் ஏரி ஈரநிலம் இல்லையாம். சரி, விதியில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பாசனம் செய்ய முடியாதபடி நாறடித்துவிட்டு, பாசன ஏரி என்பதால் பாதுகாப்பு இல்லை என்று சொன்னால் நாங்கள் எங்கே போவது?

1974 தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே. அதில் ஓடை என்றால் என்ன என்று எழுதியிருக்கிறார்கள். இயற்கையானாலும் செயற்கையானாலும் உள்நாட்டு நீர்நிலை அதில் அடக்கம், வறண்டு கிடக்கும் கால்வாயும் அடக்கம், நிலத்தடி நீரும் அடக்கம். 24ஆம் பிரிவு அப்படிப்பட்ட ஓடையிலோ கிணற்றிலோ மாசுப்பொருளைத் தெரிந்தே விடக் கூடாது என்கிறது. எங்கள் ஏரி, எங்கள் கால்வாய், எங்கள் கிணறு மூன்றுமே இதற்குள் வந்துவிட்டன. என் மகன் சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவன் படித்துச் சொன்னது. தப்பாக இருந்தால் திருத்துங்கள், சரியாக இருந்தால் லாரியை நிறுத்துங்கள்.

4. வேலி. இதைச் சொல்லாமல் இருக்கவே நினைத்தோம். ஏரியைக் காப்பாற்ற என்று கம்பி வேலி போட்டு, கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, அத்துமீறி நுழையக் கூடாது என்று பலகை வைத்தீர்கள். நல்லது. ஆனால் வேலி கரைக்குத்தான், கால்வாய்க்கு இல்லை. கோடையில் வண்டல் அள்ளி வயலுக்குப் போட்டோம், இப்போது அள்ளினால் திருட்டு. மதகில் அடைத்த செடியை எடுக்கப் போன இரண்டு பையன்களைக் காவலாளி விரட்டினார். வயலுக்குத் தண்ணீர் பங்கிட்டுவிடும் நீர்கண்டி இருந்த காலத்தில் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று அவர் சொன்னதுதான் கணக்கு. அறுவடைக்கு அறுவடை களத்திலேயே அவருக்குத் தானியம் அளந்துவிடுவோம். ஏரி நிறைந்து கோடி விழுந்தால் ஊரே கங்கம்மாவுக்குப் பொங்கல் வைக்கும். இதே பெங்களூரில் விபூதிபுரத்தில் 1307ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, காடு திருத்தி ஏரி கட்டி ஊர் உண்டாக்கியதைச் சொல்கிறது. இந்தச் சீமையில் ஏரி தானாக வந்ததில்லை, ஊர் கட்டி ஊர் காத்தது. எங்களை வெளியே தள்ளிப் பூட்டி, சாக்கடையை உள்ளே விட்டிருக்கிறீர்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பா?

மன்னிக்கவும். கோபத்தில் எழுதிவிட்டோம், எழுதியதை அடித்துத் திருத்த மனசு வரவில்லை.

5. 2002 பல்லுயிர்ச் சட்டம் 41ஆம் பிரிவின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். எங்கள் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இந்த ஏரியில் விரால் எந்த மூலையில் முட்டையிடும், குறவை எப்போது வரும் என்று தெரிந்த கிழவர்கள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். அந்தக் குழுவின் பதிவேட்டில் எழுத வேண்டியது அவர்கள் வாயிலிருந்துதான். அவர்கள் போன பிறகு எதை எழுதப் போகிறோம்?

6. பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். தென்மண்டல அமர்வு சென்னையில். வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டுமாம். முதல் மனு கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. தாங்கள் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் எங்கள் கெடுவில்தான் கழிகிறது. ஒரு நாள் கீரை அறுக்காவிட்டால் மறுநாள் பூத்துவிடும். நாங்கள் எந்த நாளில் சென்னைக்கு ரயில் ஏறுவது?

7. பெல்லந்தூர் ஏரி 2017இல் தீப்பிடித்து எரிந்ததைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கத்து ஏரித் தண்ணீர் போய்ச் சேரும் தென்பெண்ணையில் நுரை ஓசூர் கெலவரப்பள்ளி அணைவரை போகிறது. அங்கே எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். “உங்க ஊர் தண்ணிதான் வருது” என்று போனில் கேலி செய்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

நாங்கள் கேட்பது அதிகமில்லை. பாலத்தில் ஒரு இரும்புத் தடுப்பு, லாரி பின்பக்கம் திரும்ப முடியாதபடி. கிணற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதித்து, முடிவை ஊர்ச் சாவடியில் ஒட்டுவது. ஏரிக் குழுவில் கீரைக்காரர் இருவருக்கு இடம், அதில் ஒருவர் பெண். கேட்டுச் சாவி ஒன்று எங்களிடம். ராத்திரிக் காவலுக்கு நாங்களே முறை வைத்து நிற்கத் தயார், சம்பளம் வேண்டாம். ஆனால் நம்பர் எழுதிக் கொடுத்தால் மறுநாள் யாராவது வர வேண்டும். லாரியை நிறுத்துங்கள் ஐயா. மற்றதெல்லாம் மெதுவாகச் செய்யலாம், லாரியை மட்டும் இந்த வாரமே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோடிக்குக் கீழ்த் தெருவார் 41 குடும்பம் (கையெழுத்தும் கைநாட்டும் தனித்தாளில்)

இணைப்பு:
முந்தைய மனுக்களின் நகல், ரசீதுகளோடு.
கன்னட நகல்.
ஒரு கட்டு தண்டுக்கீரை. இன்று விடியற்காலை அறுத்தது, அந்தக் கிணற்றில் கழுவியது. கோப்போடு சேர்த்துக் கட்டிவிடாமல் ஒரு தடவை முகர்ந்து பார்க்கவும்.