வில்லையும் ஒருமுறை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டா மாவட்டங்களில் பிள்ளைகளை வில்வித்தைக்கு அனுப்பும் பெற்றோருக்கும், வில் வாங்கி வைத்திருக்கும் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நேற்றுவரை இலக்கின் நடு மஞ்சளில் விழுந்த அம்பு இன்று சிவப்புக்கும் நீலத்துக்கும் ஓடினால், பிள்ளையைத் திட்டும் முன் வில்லை அளந்து பாருங்கள். 70 மீட்டரில் வைக்கும் இலக்குத் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 செ.மீ.தான். வில்லில் சில மில்லிமீட்டர் பிசகினாலே அம்பு அதைத் தாண்டிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது பிடியின் ஆழமான இடத்துக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி. களத்தில் 'பிரேஸ் ஹைட்' என்பார்கள். நுனிகள் முன்னோக்கி வளைந்த 68 அங்குல ரீகர்வ் வில்லுக்குப் பெரும்பாலும் எட்டரை முதல் ஒன்பதேகால் அங்குலம் இருக்கும். புது நாண் எய்ய எய்ய நீளும், இடைவெளி குறையும். அம்பு நாணோடு ஒட்டிப்போகும் நேரம் கூடி, விழும் இடம் மாறும். நாண் முன்கையில் அடிக்கத் தொடங்கினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நாணைக் கழற்றி ஐந்தாறு முறுக்கு ஏற்றி, மாட்டி, டி வடிவ அளவுகோலால் மறுபடி அளக்கவும். நடுவில் சுற்றியுள்ள சர்விங் நூல் எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறதோ அதே பக்கம் முறுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் முறுக்கினால் சுற்று தளர்ந்துவிடும். பயிற்சிக்கு முன் தினமும் அளந்து நோட்டில் குறித்தால் போதும், ஒரு நிமிட வேலை.

சர்விங் தேய்ந்தால், அம்பின் வாலில் நாணைக் கவ்வும் பிளவான நாக் தொளதொளக்கும். நாணைப் படுக்கைவாட்டில் பிடித்து அம்பைத் தொங்கவிடுங்கள். தானாக விழுந்தால் தளர்வு. விரலால் லேசாகத் தட்டும்போது விழுந்தால் சரி. பலமாகத் தட்டியும் விழாவிட்டால் இறுக்கம். தளர்வுதான் ஆபத்து. இழுத்து நிற்கும்போது அம்பு நழுவி, நாண் வெறுமனே விடுபட்டால் வில்லின் வளையும் கையான லிம்ப் வெடிக்கலாம். அம்பு பொருத்தும் இடத்தைக் காட்டும் பித்தளை வளையமும் நகரும். நைலான் நூலால் கட்டி ஒரு சொட்டுப் பசை வைப்பது நம்பகமானது.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதோடு வில்லை மறந்துவிடுகிறோம். அடுத்து வருவதோ ஐப்பசி, கார்த்திகை மழை. நனைந்த நாண் கனத்து, அம்பு கீழே இறங்கும். துணியால் துடைத்து, சுண்டி நீரை உதறி, காய்ந்தபின் நாண் மெழுகை மெல்லிசாகத் தடவி, சூடேறும்வரை விரலால் தேயுங்கள். சர்விங் மேல் மெழுகு வேண்டாம். மெழுகுவர்த்தியும் தேங்காய் எண்ணெயும் உதவாது. ஒன்று செதிலாக உதிரும், மற்றொன்றில் மண் ஒட்டும்.

பள்ளிகளில் புதியவர்கள் பழகும் மூங்கில் வில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; இழுவிசை தளர்ந்து அம்பு எட்டாது. கொக்கித் தராசை நாணில் மாட்டி வழக்கமான நீளத்துக்கு இழுத்தால் எவ்வளவு குறைந்தது என்று தெரிந்துவிடும். பயிற்சி முடிந்ததும் நாணை இறக்கி, வில்லைப் படுக்கையாக வையுங்கள். சுவரில் சாய்த்தால் வளையும்.

எந்த வில்லையும் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விடாதீர்கள்; லிம்பின் அடுக்குகள் பிரியும். நாண் மாட்டக் கயிற்றாலான ஸ்ட்ரிங்கரையே பயன்படுத்துங்கள். காலுக்கிடையில் விட்டு வளைத்தால் லிம்ப் திருகிக்கொள்ளும். பின்னால் நின்று பார்த்தால், நாண் இரண்டு லிம்பின் நடுவிலும் நேர்கோடாக ஓட வேண்டும்.

நுனிகளில் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லில், நாணில் குறிபார்க்கும் துளையான பீப் திரும்பிப் போனாலோ, கேம் எனும் அந்தச் சக்கரங்களின் குறிகள் ஒத்துவராவிட்டாலோ வீட்டில் கழற்ற வேண்டாம். அதற்கு லிம்பை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் கருவியும் தெரிந்த ஆளும் தேவை. கார்பன் அம்பை ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் லேசாக வளைத்துக் காதருகே கேளுங்கள். 'நெறுக்' என்றால் அன்றே உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட அம்பு எய்யும்போது சிதறிக் கையில் ஏறும்.

இப்படிக்கு,
வில்வித்தைப் பயிற்சியாளர்கள்,
கும்பகோணம்